மைதானம் காலியாகும் வரை

அன்புள்ள தங்கைக்கு,

விளையாட்டு, பொழுதுபோக்கு, நிகழ்ச்சி மேலாண்மைப் பட்டப்படிப்பில் இடம் கிடைத்துவிட்டது என்று நீ எழுதியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். "மேடை போடவும் மைக் செட் கட்டவும் ஒரு பட்டமா?" என்று அப்பா கேட்டதையும் எழுதியிருக்கிறாய். நியாயமான கேள்விதான். அதற்கு உன்னிடம் பதில் இருக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

வாஷியிலிருந்து சான்பாடா, ஜூயிநகர், அடுத்தது நெருல். உன் வீட்டிலிருந்து மூன்றாவது ஸ்டேஷன். அங்கேயிருக்கும் டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியத்தில்தான் 2025 நவம்பர் 2 அன்று நம் பெண்கள் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று முதல்முறையாகக் கிரிக்கெட் உலகக் கோப்பையைத் தூக்கினார்கள். அந்த ராத்திரி வாஷியில் யார் தூங்கியிருப்பார்கள்! ஆனால் அந்த ஆட்டம் நெருலுக்கு எப்படி வந்தது என்பதை அப்பாவிடம் சொல். முதலில் வந்த அட்டவணையில் இறுதிப் போட்டிக்குப் பெங்களூருதான் குறிக்கப்பட்டிருந்தது. பாகிஸ்தான் தகுதி பெற்றால் மட்டும் கொழும்பு. ஆனால் 2025 ஜூன் 4 அன்று பெங்களூரில், ஆர்சிபி என்ற ஐபிஎல் அணியின் வெற்றிக் கொண்டாட்டத்தைப் பார்க்க வந்தவர்களில் 11 பேர், சின்னசாமி ஸ்டேடியத்தின் வாசல்களுக்கு வெளியே நெரிசலில் சிக்கி இறந்தார்கள். சுமார் 35,000 பேர் உட்காரும் இடத்துக்கு இரண்டு, மூன்று லட்சம் பேர் வந்துவிட்டதாகக் கர்நாடக முதல்வர் சொன்னார். அதற்குப் பிறகு பெங்களூரின் ஆட்டங்கள் நவி மும்பைக்குக் கைமாறின. அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று கரூரில் ஓர் அரசியல் பிரசாரக் கூட்டத்தில் 41 பேரை இழந்தோம். குழந்தைகளும் அதில் உண்டு.

அப்பாவின் கேள்விக்கு என் பதில் இதுதான்: பந்தல்காரர் பட்டம் வாங்காமலே நல்ல மேடை போட்டுவிடுவார். வந்த அத்தனை பேரும் நல்லபடியாக வீடு திரும்புவதற்குத்தான் படித்த ஆள் வேண்டும். நம் நாட்டில் அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு.

கணக்கு என்றால் நீ ஒதுங்குவாய் என்று எனக்குத் தெரியும். இந்தப் படிப்பில் ஒதுங்க முடியாது. 1971 ஜனவரி 2 அன்று கிளாஸ்கோ நகரின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் 66 பேர் இறந்தார்கள். உள்ளே வரும்போது நடந்ததல்ல அது. ஆட்டம் முடியும் நேரத்தில், வெளியேறும் படிக்கட்டில் நடந்தது. அதன் பின்விளைவாக 1973இல் பிரிட்டனில் மைதானப் பாதுகாப்புக்கென்று ஒரு வழிகாட்டி வந்தது. 'கிரீன் கைடு' என்றுதான் எல்லோரும் அதைச் சொல்வார்கள். சமதளமான வழியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு அதிகபட்சம் 82 பேரும், படிக்கட்டில் 66 பேரும் வெளியேறுவார்கள் என்பது அதன் கணக்கு. ஆபத்து நேரத்தில் அரங்கைக் காலிசெய்ய அதிகம் போனால் எட்டு நிமிடம்.

இதை நெருலுக்குப் போட்டுப் பார். 45,000 பேர் என்று வைத்துக்கொள். எட்டு நிமிடத்தில் வெளியே வர, நிமிடத்துக்கு 5,625 பேர். எல்லா வாசல்களின் அகலத்தையும் கூட்டினால் சமதளத்துக்கு ஏறத்தாழ 69 மீட்டர் வேண்டும், படிக்கட்டானால் 85 மீட்டர். இப்போது ஒரு வாசலை யாரோ பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டதாக நினைத்து மறுபடி கணக்குப் போடு. வகுப்பில் யாரும் கேட்காவிட்டாலும் நீயாகப் போடு. தமிழ்ச் சங்கத்தின் சின்ன ஹாலுக்குப் போனாலும் முதலில் கதவுகளை எண்ணி அகலத்தைக் காலடியால் அளந்து பார்க்கும் பழக்கம் உனக்கு வந்துவிட்டால், பாதிப் பட்டம் வாங்கிவிட்டாய் என்று நான் சொல்வேன்.

ஜான் ஃப்ரூயின் என்ற அமெரிக்கப் பொறியாளரின் எழுத்தையும் தேடிப் படி. ஒரு சதுர மீட்டரில் ஏழு பேர் என்ற அளவை நெருங்கினால், அதற்குப் பிறகு தனி மனிதருக்குத் தன் கால்மேல் அதிகாரமில்லை. கூட்டம் முழுவதும் தண்ணீர்போல அலையடிக்கும் என்று அவர் விளக்கியிருக்கிறார். நெரிசலில் பலர் கீழே விழாமல், மிதிபடாமல், நின்றபடியே மூச்சு முட்டி இறக்கிறார்கள். செய்தித்தாளில் "முண்டியடித்ததால்" என்று எழுதி, செத்தவர்கள்மேலேயே பழியைப் போட்டுவிடுகிறார்கள். இது எனக்குத் தாங்காது. பின்னால் நிற்பவருக்கு முன்னால் என்ன நடக்கிறது என்றே தெரியாது. அதை அவருக்குத் தெரிவிப்பது ஏற்பாட்டாளரின் வேலை.

உனக்கு இன்னும் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கார்கரில் 2023 ஏப்ரல் 16 அன்று மகாராஷ்டிர பூஷண் விருது விழா. திறந்தவெளியில் லட்சக்கணக்கான பேர். முந்தின நாளே வந்து இடம் பிடித்தவர்கள் அதில் ஏராளம். தலைக்குமேல் நிழல் இல்லாமல் உச்சி வெயில்வரை உட்கார்ந்திருந்த அந்தக் கூட்டத்தில் 14 பேர் இறந்தார்கள். நெரிசலில்கூட இல்லை, வெயிலில். விழாவை மாலையில் வைத்திருந்தால்? பந்தல் இருந்திருந்தால்? கடைசி வரிசைவரை தண்ணீர் போயிருந்தால்? பக்தியோடு வந்தவர்கள் விழா முடியாமல் எழுந்து போகமாட்டார்கள் என்பதையும் கணக்கில் எடுக்கத் தெரிய வேண்டும். மனித சுபாவம் உன் பாடத்திட்டத்தில் தனித் தாளாக இருக்காது. எல்லாத் தாளிலும் அதுதான் இருக்கிறது.

மழையும் அப்படித்தான். அந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டம் மூன்று மணிக்குத் தொடங்க வேண்டியது, ஐந்து மணிக்குத்தான் தொடங்கியது; நள்ளிரவை ஒட்டி முடிந்தது. பார்ப்பவர்களுக்கு இரண்டு மணி நேரக் காத்திருப்பு, அவ்வளவுதான். உள்ளே வேலை செய்பவர்களுக்கோ காவலர்களின் ஷிஃப்ட், சமையல்காரரின் அடுப்பு, கழிப்பறைத் தண்ணீர் டேங்கர், ஆம்புலன்ஸ், ஊருக்குத் திரும்பும் ரயில் எல்லாமே இரண்டு மணி நேரம் தள்ளிப்போகும். ஒன்றைத் தள்ளி இன்னொன்றை மறந்தால் அங்கேதான் முடிச்சு விழும்.

அதே மைதானத்தில் 2022 ஜனவரி 23 அன்று நடந்ததும் உனக்குத் தெரிய வேண்டும். மகளிர் ஆசியக் கோப்பைக் கால்பந்து. அணிக்குள் கொரோனா பரவி, சீன தைபேக்கு எதிராக 13 பேரைக்கூட நிறுத்த முடியாமல் இந்தியா போட்டியிலிருந்தே வெளியேற நேர்ந்தது. சொந்த மண்ணில், அந்த ஆட்டத்தை ஆடாமலே. வருஷக்கணக்காகப் பயிற்சி எடுத்த பெண்களின் கனவை ஒரு தங்குமிட ஏற்பாடும் ஒரு பரிசோதனை முடிவும் கலைத்துவிட முடியும். விளையாட்டு வீராங்கனையாக நீ ஆகவில்லையே என்ற ஏக்கம் உன் கடிதத்தில் தெரிந்தது. அவர்களைப் பத்திரமாகக் களத்தில் இறக்கிவிடுகிற வேலை அதற்குக் குறைந்ததில்லை, தங்கச்சி.

பண விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பான்சர் என்பவர் மழையைவிட நம்ப முடியாதவர். 2025 ஆகஸ்டில் ஆன்லைன் பண விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் வந்ததும், இந்திய அணியின் சட்டையில் பெயர் போட்டிருந்த டிரீம்11 விலகியது. அடுத்த மாதம் ஆசியக் கோப்பையில் நம் அணி ஸ்பான்சர் பெயரே இல்லாத சட்டையில் ஆடியது. அதே செப்டம்பர் 22 முதல் ஐபிஎல் டிக்கெட்டின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக ஏறியது. ஆகவே ஒப்பந்தம் படிக்கவும், வரி கணக்கிடவும், 2025இல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தைப் புரிந்துகொள்ளவும் கற்றுக்கொள். விளக்கணைத்து லேசர் விடும் வகுப்பைவிட இவை சலிப்பாக இருக்கும். சம்பளம் இவற்றுக்குத்தான்.

பாஸ் கேட்டு வருபவர்களைச் சமாளிக்கவும் இப்போதே பழகு. டிக்கெட் பங்கீட்டில் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவுக்கும் மும்பை கிரிக்கெட் சங்கத்துக்கும் வந்த சண்டையில்தான், அந்தக் கிளப்பின் பிரேபோர்ன் ஸ்டேடியத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் வான்கடே ஸ்டேடியமே எழுந்தது. 1975 ஜனவரியில் அங்கே நடந்த முதல் டெஸ்ட்டில், கிளைவ் லாயிடைப் பாராட்ட உள்ளே ஓடிய ஒரு ரசிகரைப் போலீஸ் அடித்ததில் பெரிய கலவரம் மூண்டது. ஒரு மைதானத்தின் பிறப்பிலும் முதல் ஆட்டத்திலும் உன் பாடத்தின் இரண்டு அத்தியாயங்கள் இருக்கின்றன.

இந்தப் படிப்பு நேற்று முளைத்தது என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஹாரி க்ரோ பக் என்பவர் 1920இலேயே சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு இந்திய அணியோடு போனவரும் அவர்தான். தமிழ்நாட்டில் விளையாட்டுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் 2005 முதல் இயங்குகிறது. ஆனால் ஒன்று: நீ சேரும் இடம் எதுவானாலும் பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம், அதற்கு யுஜிசி அங்கீகாரம் உண்டா என்று காகிதத்தில் பார்த்துக்கொள். விளம்பரத்தில் இருக்கும் கிரிக்கெட் வீரரின் படத்தைப் பார்த்துப் பணம் கட்டாதே. நீ படித்து முடிக்கும் சமயத்தில், 2030இல், அகமதாபாத்தில் காமன்வெல்த் போட்டிகள். வேலை இருக்கும்.

கல்லூரிக்கு வெளியேயும் உனக்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பொங்கலன்று தாராவி 90 அடி சாலைக்குப் போ. வரிசையாகப் பெண்கள் பானை வைத்துப் பொங்குகிறார்கள். திறந்த தீ, பட்டுச் சேலை, ஓடும் பிள்ளைகள், நெருக்கமான தெரு. அதை ஒழுங்குபடுத்தும் அண்ணாச்சிகளிடம் போய் உட்கார்ந்து கேள். எந்தச் சந்து வழியாகத் தண்ணீர் வண்டி வரும், எந்த வீட்டு மாடியில் நின்றால் முழுத் தெருவும் தெரியும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். கணபதி மண்டல்காரர்களிடமும் அப்படியே கேள். மராத்தியில் கேள். உனக்குத் தமிழும் இந்தியும் மராத்தியும் வாயில் வருகிறதே, இந்தத் தொழிலில் அது பெரிய சொத்து. வாசலில் நிற்கும் கான்ஸ்டபிளும், குப்பை அள்ளும் அம்மாவும், ஜெனரேட்டர் பையனும் அவரவர் மொழியில் உன்னிடம் உண்மையைச் சொல்வார்கள். கண்ட்ரோல் அறைக்கு வருவதற்கு முன்பே ஆபத்து அவர்களுக்குத்தான் தெரியும்.

வாலண்டியராகப் பெயர் கொடுத்தால் வீரர்கள் வரும் வழியில் நிற்கக் கேட்காதே. பொது வாசலையோ கார் நிறுத்துமிடத்தையோ கேள். சாப்பாடும் போக்குவரத்தும் தராமல் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைப்பவர்களிடம் இரண்டாம் முறை போகாதே. அனுபவம் என்ற பெயரில் பிள்ளைகளைச் சுரண்டுவது இந்தத் துறையின் கெட்ட வழக்கம். ராத்திரி முடியும் வேலையானால் வண்டி ஏற்பாட்டை முதலிலேயே எழுதி வாங்கு. வெட்கப்படாதே.

கடைசியாக, எல்லோரும் மறக்கிற பகுதி. ஸ்டேடியம் வருஷத்தில் சில நாள்தான் நிரம்பும். அன்றாடம் மனிதர்கள் விளையாடுகிறார்களா, நடக்கிறார்களா, சும்மா உட்கார்ந்து பேச இடம் இருக்கிறதா என்பதும் உன் படிப்புக்குள் வருகிறது. தாராவியில் வளரும் பிள்ளைக்குத் தெருதான் மைதானம். 1970இல் வந்த சிட்கோ நிறுவனம் உங்கள் ஊரைத் திட்டமிட்டுக் கட்டியதால் வாஷிக்குக் கொஞ்சம் கொடுப்பினை: மினி ஸீஷோர் இருக்கிறது, சாகர் விஹார் இருக்கிறது, செக்டர்களுக்குள் திடல்கள் இருக்கின்றன. ஆனால் சாயங்காலம் அந்தத் திடல்களில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறாயா? நடுவில் பையன்களின் கிரிக்கெட். ஓரத்தில் அம்மாக்களின் நடை. உன் வயதுப் பெண்களை எண்ணிவிடலாம். உலகக் கோப்பை வென்ற மைதானத்துக்கு மூன்று ஸ்டேஷன் தள்ளி இப்படி இருப்பது எனக்கு மனசு ஆறவில்லை.

வகுப்பு தொடங்க இன்னும் நாள் இருக்கிறதல்லவா? உன் செக்டர் திடல் ஒன்றை எடுத்துக்கொள். காலை ஆறு, பதினொன்று, மாலை ஐந்து, இரவு எட்டு என்று நான்கு வேளையும் ஒரு வாரம் போய், ஆண், பெண், முதியவர், குழந்தை எத்தனை பேர் என்று எழுது. விளக்கு எரிகிறதா, பெண்கள் கழிப்பறை திறந்திருக்கிறதா, குடிதண்ணீர் வருகிறதா, எத்தனை வாசல், என்ன அகலம் எல்லாவற்றையும் குறி. பெண்களுக்கு மட்டும் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் எந்த நேரம் சரிப்படும் என்று அவர்களையே கேள். அதை ஒரு மனுவாக்கி நவி மும்பை மாநகராட்சியில் கொடு. கொடுத்ததற்கு முத்திரை போட்ட நகல் வாங்கிக்கொள். எனக்கும் ஒன்று அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்