நீக்குவது வேறு, இடத்தை மீட்பது வேறு





தரவுத்தளக் கோப்பில் ஒரு பதிவை நீக்குவதும், அது பிடித்திருந்த இடத்தை மீட்பதும் இரண்டு தனித்தனி வேலைகள். 1980களின் டிபேஸ் மென்பொருள் தொடங்கி 2004-இல் வந்த விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9 வரை இதுதான் முறை.

எண்ணூர் விரைவுச் சாலை வழியே சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளை ஒரு யார்டு இத்தகைய கோப்பில் குறித்துவைப்பதாகக் கொள்ளலாம். நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் சேர்ந்த கன்டெய்னர் எண்ணுக்கு 11 பைட், லாரி எண்ணுக்கு 10, தேதிக்கு 8, எல்லாவற்றுக்கும் முன்னால் நீக்கக் குறிக்கு 1: ஒரு பதிவுக்கு 30 பைட். ஒரு லட்சம் பதிவுகளுக்கு, தலைப்பகுதி நீங்கலாக, 30 லட்சம் பைட்.

பழைய 90,000 பதிவுகளுக்கு ‘டெலீட்’ கட்டளை கொடுத்தால், ஒவ்வொன்றின் முதல் பைட்டிலும் ஒரு நட்சத்திரக் குறி விழும். கோப்பின் அளவு குறையாது. ‘ரீகால்’ கட்டளை அந்தக் குறியை எடுத்தால் பதிவு அப்படியே திரும்பும். கைதவறி நீக்கியவருக்கு இது பெரும் பாதுகாப்பு. ஆனால் பதிவில் ஓட்டுநரின் கைபேசி எண்ணும் இருந்தால், கோப்பைப் பெறும் எவரும் அதைப் படித்துவிடலாம். ஆகவே குறியிட்டதோடு நிறுத்திய கோப்பைப் பிறரிடம் கொடுக்கக் கூடாது.

இடத்தை மீட்பது ‘பேக்’ கட்டளை. ஃபாக்ஸ்புரோவில் அது குறியில்லாத 10,000 பதிவுகளை மட்டும் தற்காலிகக் கோப்பில் படியெடுத்து, பழைய கோப்பின் இடத்தில் வைக்கும். 30 லட்சம் பைட் 3 லட்சமாகச் சுருங்கும். பதிவு எண்கள் மாறுவதால் இண்டெக்ஸையும் திரும்பக் கட்ட வேண்டும். அந்த நேரத்தில் வேறு யாரும் கோப்பைத் திறந்திருக்கக் கூடாது என்பதால், யார்டு கேட்டில் வேலை குறைந்த வேளையே ஏற்றது.

‘ஜாப்’ கட்டளை எல்லாப் பதிவுகளையும் ஒரேயடியாகத் துடைக்கும். கோப்பின் அமைப்பு மட்டும் மிஞ்சும். அதன்பின் ரீகால் பலிக்காது.

இன்றைய போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திலும் நீக்கிய வரிசைகள் உடனே மறைவதில்லை. ‘வாக்யூம்’ கட்டளை அவற்றின் இடத்தைப் புதிய வரிசைகளுக்கு ஒழித்துத் தரும். கோப்பு பெரும்பாலும் சுருங்காது. ‘வாக்யூம் ஃபுல்’ அட்டவணையைப் புதிதாக எழுதி, மிச்ச இடத்தை இயங்குதளத்திடம் ஒப்படைக்கும். ‘டிரன்கேட்’ நிபந்தனை எதுவும் ஏற்காமல் அட்டவணை முழுவதையும் காலி செய்யும்.

நாள்தோறும் புதுப் பதிவு வரும் அட்டவணைக்குச் சாதாரண வாக்யூம் போதும். காலியான இடம் தானே நிரம்பும். பல ஆண்டுப் பதிவுகளை மொத்தமாகக் கழித்தபின் பேக்கோ வாக்யூம் ஃபுல்லோ தேவை. முதலில் காப்புப் பிரதி எடுத்து, எஞ்ச வேண்டிய பதிவுகளை எண்ணி வைத்து, முடிந்தபின் ஒப்பிட வேண்டும். படியெடுக்கவும் வட்டில் இடம் வேண்டும். எனவே வட்டு நிரம்புமுன்பே இந்த வேலையை முடிப்பது நல்லது.