காரைக்கால் கொல்லைப்புறத்தில் மிளகாய்

மிளகாய் இல்லாத சமையல் நம் நாட்டில் அரிது. ஏழையின் பழஞ்சோற்றுக்கும் செல்வரின் விருந்துக்கும் அது வேண்டும். காரைக்கால் போன்ற கடலோர ஊர்களில் மீன் குழம்பு மணப்பதும் அதனால்தான். நாள்தோறும் வேண்டிய பொருளாயினும், ஒரு குடும்பத்திற்கு ஒரு நாளைக்கு வேண்டுவது சில காய்களே. இச்சிறு அளவிற்காக ஆண்டு முழுவதும் கடைத்தெருவை நம்பியிருக்க வேண்டியதில்லை. ஆறு முதல் பத்துச் செடிகள் செம்மையாக வளர்ந்தால், அவை காய்க்கும் மாதங்களில் வீட்டுத் தேவை நிறைவேறும். நிலம் இல்லாத தொழிலாளர் குடும்பமும், மணல் மேட்டில் வீடமைத்து வாழும் மீனவர் குடும்பமும் இதனைச் செய்ய இயலும்.

ஆயினும், ‘இந்த மண்ணுக்கு மிளகாய் வராது’ என்று கைவிடுவோர் நம்மிடையே உண்டு. உண்மையில் வராதா? அன்றி, நாம் வைக்கும் இடத்திலும் காலத்திலும் குறை உள்ளதா? இதனை இங்கே ஆராய்வோம்.

வந்த வழியும் தரும் பயனும்

மிளகாய் நம் பழம்பயிர்போலத் தோன்றினும், அதன் பிறப்பிடம் மெக்சிக்கோவும் அதனைச் சூழ்ந்த அமெரிக்கப் பகுதிகளும் ஆகும். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் அதனை இந்தியாவிற்குக் கொணர்ந்தனர். அதற்குமுன் நம் முன்னோர் காரத்திற்கு மிளகையே பெரிதும் நம்பியிருந்தனர். மிளகுபோல் உறைக்கும் காய் ஆதலின் அது மிளகாய் எனப் பெயர் பெற்றது.

காரம் விதையில் இருப்பதாகப் பலர் எண்ணுவர். காய்க்குள் விதைகள் ஒட்டியிருக்கும் வெண்ணிறத் தசையிலேயே காரப்பொருளாகிய காப்சைசின் மிகுதியாக உண்டாகிறது. பச்சை மிளகாயில் வைட்டமின் ‘சி’ நிறைந்துள்ளது. ஹங்கேரி நாட்டு அறிஞர் சென்ட் ஜியார்ஜி, தம் நாட்டு மிளகாயிலிருந்தே இவ்வைட்டமினைப் பெருமளவில் பிரித்தெடுத்தார். அவர் 1937ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர்.

மிளகாயின் முதற்பகை உப்பு

அரசலாறும் திருமலைராஜனாறும் கடலிற் கலக்கும் இடம் காரைக்கால். காவிரிப் பாசனத்தின் கடைமடையும் இதுவே. காவிரி நடுவர் மன்றம் 2007ஆம் ஆண்டில் அளித்த இறுதித் தீர்ப்பில் புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கு ஒதுக்கப்பட்ட நீர் 7 டி.எம்.சி. ஆகும். இந்நீர் காரைக்கால் வயல்களுக்கு உரியது. நன்னீர் வரத்துக் குறையும் கோடையில் கடலோரக் கிணறுகள் உவர்ப்பது இயல்பே.

மண்ணில் உள்ள உப்பினை அதன் மின்கடத்துத் திறனைக் கொண்டு அளப்பர். அதன் அலகு டெசிசைமன் எனப்படும். ஒரு மீட்டருக்கு 3 அலகு வரையில் நெல் விளைச்சல் குன்றாமல் தாங்கும். மிளகாயோ 1.5 அலகிற்கு மேல் தாங்காது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வோர் அலகிற்கும் விளைச்சலில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினான்கு பங்கு குறைந்துவிடும். ஆதலின், ‘பக்கத்து வயலில் நெல் நன்றாக விளைகிறதே’ என்று அதே மண்ணில் மிளகாயை வைப்பது சரியான கணக்கு ஆகாது.

26.12.2004 அன்று ஆழிப்பேரலை நம் கடலோரச் சிற்றூர்களுக்குள் புகுந்தபோது, உப்பு மண்ணைக் கெடுக்கும் விதத்தை மக்கள் நேரிற் கண்டனர். மணற்பாங்கான நிலத்தில் மழைநீர் உப்பைக் கரைத்து விரைவில் கீழிறக்கிவிடும். களிமண்ணில் அதற்கு நாள் பிடிக்கும். வீட்டுச் செடிக்கும் இதில் ஒரு பாடம் உண்டு: உப்பினை வெளியேற்றும் வழி நன்னீரும் வடிகாலுமே.

இலை நுனி கருகுவதும், தொட்டி விளிம்பில் வெண்மையாகப் பூப்பதும் உப்பு மிகுந்ததன் அடையாளங்கள். ஐயமுள்ளோர் தம் கிணற்று நீரையும் மண்ணையும் சோதித்தறிவது நலம். காரைக்காலில் வேளாண் அறிவியல் நிலையமும், 1987ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரியும் உள்ளன. அங்குள்ள வல்லுநர்களை அணுகி ஆலோசனை கேட்கலாம்.

தொட்டியும் மேட்டுப் பாத்தியும்

உவர் நிலத்தில் வாழ்வோர்க்குத் தொட்டியே ஏற்றது. ஓரடி அகலமும் ஓரடி ஆழமும் உள்ள மண்தொட்டி ஒரு செடிக்குப் போதும். உடைந்த பானை, பழைய வாளி, சாக்குப்பை ஆகியவையும் உதவும். அடியில் துளையிட்டு, துளையின்மேல் ஓட்டுத்துண்டு வைக்க வேண்டும். செம்மண், ஆற்று மணல், மக்கிய தொழு உரம் ஆகியவற்றைச் சம பங்காகக் கலந்து நிரப்புக. கடற்கரை மணலைச் சேர்க்கலாகாது.

நல்ல மண் உள்ள கொல்லைகளில் முக்கால் அடி உயரத்திற்கு மேட்டுப் பாத்தி அமைத்து, ஒன்றரை அடி இடைவெளியில் செடி வைக்கலாம். மிளகாய் வேருக்கு நீர் தேங்குதல் ஆகாது. ஒரு நாள் நின்ற நீரே செடியை வாடச் செய்துவிடும்.

பருவம் அறிந்து விதைத்தல்

நம் பகுதியின் பெருமழை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்கிறது. அம்மழையில் இளஞ்செடியைத் திறந்த வெளியில் வைப்பது வீண். மார்கழித் தொடக்கத்தில் தாழ்வாரத்தின் கீழ் ஓர் அகன்ற சட்டியில் நாற்று விடுக. விதைகளை நெருக்கமாகத் தூவாமல், அரை விரற்கடை ஆழத்தில் இடைவெளி விட்டு ஊன்ற வேண்டும். நெருக்கமும் ஈரமும் மிகுந்தால் நாற்று அடித்தண்டு அழுகிச் சாயும். ஏழு முதல் பத்து நாட்களில் முளை தோன்றும்.

இளநாற்றே உப்பிற்கு மிக அஞ்சுவது. ஆகவே, கார்த்திகை மழைநீரில் சில குடங்களைச் சேமித்து வைத்து நாற்றுக்கு வார்ப்பது சிறந்தது. கொசு முட்டையிடாதவாறு பாத்திரத்தை இறுக மூடிவைத்தல் கட்டாயம்.

நாற்பது நாள் நாற்றினைத் தை நடுவில், மாலை வேளையில் நடவேண்டும். பங்குனி இறுதியில் முதற் பறிப்புக் கிடைக்கும். ஆனியில் மாங்கனித் திருவிழா வரும் வரையில் காய் தொடரும். தொட்டியில் வளர்ப்போர் வைகாசியில் இரண்டாம் முறை விதைத்து, புரட்டாசியில் பறித்து, ஐப்பசி மழையில் தொட்டிகளைத் திண்ணைக்கு ஏற்றிக்கொள்ளலாம்.

பச்சைக் காயாகப் பறிப்பதற்குப் பாலூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பி.எல்.ஆர்.1, கோவில்பட்டியின் கே.1, கே.2 போன்ற நீள் வகைகள் பொருந்தும். 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய், வற்றலுக்குப் பெயர்பெற்றது.

நீரும் வெயிலும்

காலையில் அளவாக நீர் ஊற்றுக. ஆனால், வாரம் ஒரு முறை அடித்துளை வழியே நீர் நன்கு வடியும் வரையில் நன்னீரைத் தாராளமாக ஊற்ற வேண்டும். சேர்ந்த உப்பு அதனோடு வெளியேறும். தொட்டியின் கீழே தட்டு வைத்து அந்நீரைத் தேக்கினால் பயன் கெடும். அரிசி களைந்த நீரை ஊற்றலாம். மீன் கழுவிய உப்பு நீரும் சவர்க்கார நீரும் கூடா.

வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில் பூ உதிரும். தொட்டிகளை வீட்டின் கிழக்குப் புறத்தில் வைத்தால் பிற்பகல் வெயில் தாக்காது. மண்ணின்மேல் வைக்கோல் பரப்பினால் ஈரம் காக்கப்படும்.

இலைச் சுருட்டல்

இல்லத்தோட்டக்காரரை மிகவும் கலங்கச் செய்வது இலைச் சுருட்டலே. இது ஒரே நோய் அன்று. இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். கவிழ்த்த தோணிபோலக் கீழ்நோக்கி வளைந்தால் சிலந்திப்பேன். இலை சிறுத்து, மஞ்சளாகி, செடியே குறுகிப்போனால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். முதலிரண்டிற்கும் வேப்பங்கொட்டைச் சாறு உதவும். 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சவர்க்காரக் கரைசல் சேர்த்து, இலையின் அடிப்பக்கம் நனையுமாறு மாலையில் தெளிக்க வேண்டும். மூன்றாவதற்கு மருந்தில்லை. அச்செடியை உடனே பிடுங்கி எரித்தால் மற்றவை பிழைக்கும்.

பறிப்பும் சேமிப்பும்

காய்களை அடிக்கடி பறித்தால் செடி மேலும் பூக்கும். மிகுந்த காய்களை மோர் மிளகாய் ஆக்கலாம். காம்புடன் கீறி, உப்பிட்ட தயிரில் இரவில் ஊறவைத்து, பகலில் வெயிலில் உலர்த்தி, தயிர் வற்றும் வரையில் இவ்வாறே செய்தால், மழைக்காலத்திற்கு அது கைகொடுக்கும். நோயற்ற செடியில் சிவக்கப் பழுத்த இரண்டு மூன்று பழங்களை விதைக்கென நிறுத்துக. பக்கத்தில் வேறு வகை மிளகாய் இருந்தால் விதை கலப்புறும். எனவே ஒரே வகையை வைப்பது நலம்.

மிளகாய் இம்மண்ணுக்கு வராத பயிர் அன்று. இங்கே தன் வேர்க்கு உப்பில்லாத, நீர் தேங்காத ஓரடி மண்ணைக் கேட்கும் பயிர். அந்த ஓரடி மண்ணை நிலமற்ற குடும்பமும் ஒரு பழம்பானையில் உண்டாக்க முடியும். அண்டை வீட்டார் நாற்றையும் விதையையும் தம்முள் பகிர்ந்துகொண்டால் செலவும் குறையும். வரும் மார்கழியில் ஒவ்வொரு தாழ்வாரத்திலும் ஒரு நாற்றுச் சட்டியேனும் இடம்பெறுமாறு முயல்வோமாக.