பிரெஞ்சு லியேசோனும் தமிழ் உடம்படுமெய்யும்: ஓர் ஒப்பியல் நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

பிரெஞ்சுப் பேச்சில், தனித்து நிற்கையில் ஒலிக்காத ஈற்றுமெய் ஒன்று, உயிரை முதலாகக் கொண்ட சொல் வருங்கால் ஒலிப்பது லியேசோன் எனப்படும். தமிழ் வழியே பிரெஞ்சை அணுகுவோர்க்கு இது உடம்படுமெய் போலத் தோன்றும். அவ்வொப்பீடு பொருந்தாது என்பதையும், லியேசோனை முடிவுசெய்வன சொல்லின் வரலாறும் சொற்களின் இலக்கண உறவும் பேச்சுச் சூழலுமே என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

முன்னுரை

பிரெஞ்சில் 'நூல்கள்' என்பதை 'லெ லீவ்ர்' என்பர். 'நண்பர்கள்' என்பதற்கோ 'லெ அமி' என்னாது 'லெஃஸமி' என்பர். (இங்கு 'ஃஸ்' என்பது ஒலிப்புடைய ஸகரத்தைக் குறிக்கும்.) ஈருயிர்களின் இடையே ஒரு மெய் கேட்பதால், 'மணி + அடித்தான்' என்பது 'மணியடித்தான்' என யகரம் பெறுவது தமிழறிந்தார் நினைவுக்கு வரும். இரண்டும் ஒரே நிகழ்வுதானா என்பதே ஆய்வுச் சிக்கல்.

மூவகை இணைவுகள்

பிரெஞ்சுச் சொல்லிணைவில் மூன்று நிகழ்வுகளை வேறுபடுத்தல் வேண்டும். முதலாவது, எப்போதும் ஒலிக்கும் ஈற்றுமெய் வருமொழி உயிரோடு சேர்ந்து அசையாதல். 'உடன்' எனப் பொருள்படும் 'அவெக்' என்பதும் 'அவள்' எனப் பொருள்படும் 'எல்' என்பதும் இணைந்து 'அவெக்கெல்' என ஒலிக்கும். இது மெய்யீற்றின்மேல் உயிர் வந்து ஒன்றும் தமிழின் இயல்பு புணர்ச்சியை ஒத்தது.

இரண்டாவது, நிலைமொழிக்கு உரிமையில்லாத மெய் இடையில் வருதல். 'அவனிடம் உள்ளதா' என வினவும்போது 'அ' என்னும் வினையும் 'இல்' என்னும் பெயரும் 'அத்தில்' என இணைகின்றன. இத்தகரம் அவ்வினையின் ஈற்றிலே இல்லாதது. தகர ஈற்று வினைகளின் ஒப்புமையால் வந்தது. தோற்றக் காரணம் வேறாயினும், உடம்படுமெய்க்கு மிக அருகில் நிற்பது இதுவே.

மூன்றாவதே லியேசோன். இதில் ஒலிக்கும் மெய் நிலைமொழியின் எழுத்து வடிவில் முன்னரே உள்ளது. உடம்படுமெய் யகரமா வகரமா என்பதை நிலைமொழியின் ஈற்றுயிர் முடிவுசெய்யும். லியேசோனில் எந்த மெய் ஒலிக்கும் என்பதைச் சொல்லே முடிவுசெய்யும். 'சிறிய' எனப் பொருள்படும் 'பெத்தி' தகரத்தைத் தரும். 'லெ' ஃஸகரத்தைத் தரும்.

மேலும், உயிர்களின் மோதலைத் தவிர்ப்பது லியேசோனின் நோக்கம் அன்று. 'அவன் நேசிக்கிறான்' என்பது 'இலெம்'. 'அவர்கள் நேசிக்கிறார்கள்' என்பது 'இல்ஃஸெம்'. பின்னதில் ஃஸகரத்துக்கு முன் நிற்பது உயிர் அன்று, லகர மெய். அங்கே உடம்படுத்த இரு உயிர்களே இல்லை. மறுதலையாக, 'உம்' என்னும் பொருளுடைய 'எ' என்ற இடைச்சொல்லின் எழுத்து வடிவில் தகரம் இருந்தும், 'எ எல்' என ஈருயிரும் அடுத்தடுத்தே ஒலிக்கின்றன.

வரலாற்று அடிப்படை

பழைய பிரெஞ்சில் ஈற்றுமெய்கள் பரவலாக ஒலித்தன. அவற்றுள் பல, முதலில் மெய்யின் முன்னும் பின்னர்ப் பேச்சு நிறுத்தத்திலும் ஒலியிழந்தன. உயிரின் முன் மட்டும் எஞ்சின. 'ஆறு' என்னும் எண்ணுப்பெயர் இவ்வரலாற்றின் படிநிலைகளை இன்றும் காட்டுகிறது. அது 'ஆறு நூல்கள்' என்பதில் 'ஸி லீவ்ர்' என ஈற்றுமெய் கெட்டும், 'ஆறு நண்பர்கள்' என்பதில் 'ஸிஃஸமி' என ஒலிப்புற்றும், தனித்து நிற்கையில் 'ஸிஸ்' எனவும் வழங்கும். எனவே 'லெஃஸமி' என்பதில் மெய் தோன்றியது என்பதைவிட, 'லெ லீவ்ர்' என்பதில் மெய் கெட்டது என்பதே வரலாற்றுக்கு ஒத்தது.

இலக்கண உறவு

'ஸவான்' என்பது 'கற்ற' என்னும் பெயரடையாகவும் 'அறிஞர்' என்னும் பெயராகவும் வரும். 'அவெக்ல்' என்பதும் 'பார்வையற்ற', 'பார்வையற்றவர்' என இருவகையிலும் வரும். இவ்விரண்டும் அடுத்து வரும்போது இடையில் தகரம் ஒலித்தால் 'கற்றறிந்த பார்வையற்றவர்' என்பது பொருள். ஒலியாவிடின் 'பார்வையற்ற அறிஞர்' என்பது பொருள். முன்னின்ற பெயரடை பெயரோடு நெருங்கிப் பிணையும். ஒருமைப் பெயர் பின்வரும் அடையோடு அவ்வாறு பிணையாது. 'வேலைக் கொடுத்தான்' என்பதில் வல்லினம் மிக்கு இரண்டாம் வேற்றுமை விரி புலப்படுவதும், 'வேலை கொடுத்தான்' என்பதில் மிகாது பணி என்னும் பொருள் தருவதும் இதனோடு ஒப்பிடத்தக்கவை. ஆகவே லியேசோனுக்கு உரிய தமிழ் ஒப்புமை, இலக்கண உறவால் வேறுபடும் வல்லினப் புணர்ச்சியில்தான் உள்ளது.

வழக்கும் சூழலும்

பியேர் தெலாத்ர் 1947இல் லியேசோனைக் கட்டாயமானது, விருப்பத்துக்குரியது, விலக்கப்பட்டது என மூன்றாக வகுத்தார். 'லெஃஸமி' முதல்வகை, 'எ எல்' மூன்றாம் வகை. இடைப்பட்ட வகை பேசுவோரையும் சூழலையும் பொறுத்தது. மேடையுரையில் மிகும், இல்லப் பேச்சில் குறையும். பியேர் ஆங்கிரவே 1988இல் வெளியிட்ட நூலில், அரசியலாளர் பேச்சில் லியேசோன் மெய் ஒலித்தும் வருமொழியோடு ஒன்றாது நிற்கும் நிலையை ஆராய்ந்தார். இணைக்கவென்றே வந்த மெய்யாயின், இணைக்காமல் அது நிற்பதை விளக்க இயலாது.

லியேசோன் மெய் நிலைமொழிக்கே உரியது என்னும் கருத்துக்கு ஒரு தடையும் உண்டு. 'கரடி' என்பதற்குரிய 'உர்ஸ்' என்ற சொல்லைப் பிரெஞ்சுக் குழந்தைகள் 'நுர்ஸ்' என்றும் 'ஃஸுர்ஸ்' என்றும் கூறுவர். கேட்கும் செவி அம்மெய்யை வருமொழியின் முதலாகவும் கொள்கிறது என்பதை இது காட்டுகிறது. எனினும் குழந்தை வளர்ந்து திருத்திக்கொள்வது, அம்மெய் முன்சொல்லைச் சார்ந்தது என்னும் அறிவையே.

முடிவுரை

லியேசோனை 'உடம்படுமெய் பெறுதல்' எனத் தமிழாக்குவதினும் 'ஈற்றுமெய் வெளிப்படல்' என்பதே பொருந்தும். இது கலைச்சொல் தேர்வு மட்டும் அன்று. உடம்படுமெய் எனக் கருதிப் பயில்வோர், 'எ எல்' என்பதன் இடையே வேண்டாத மெய்யைப் புகுத்துவர். 'இல்ஃஸெம்' என்பதில் வேண்டிய மெய்யை விடுவர். பின்னதில் ஃஸகரம் நீங்கின் பேச்சில் பன்மையே நீங்கும். ஏனெனில் அத்தொடரில் ஒருமை பன்மையைச் செவிக்கு வேறுபடுத்துவது அம்மெய் ஒன்றே.