புத்தி பேதலித்தவருக்காகப் பேச வேண்டியவர் யார்?

தருமபுரி மாவட்டத்து மஹல்லா ஒன்றில் நடந்த பாகப்பிரிவினைப் பேச்சில் நாம் கலந்துகொள்ள நேர்ந்தது. சகோதரர்கள் மூவர். தாய் தந்தை காலமாகிவிட்டனர். வேறு வாரிசு இல்லை. இளையவர் பல்லாண்டுகளாக மனநோய்க்கு மருந்து உண்பவர். "ஹஜ்ரத்! அவன் மஜ்னூன். அவன் பெயருக்கும் நானே கையெழுத்துப் போடுகிறேன். ஜமாஅத்தில் ஒரு கடிதம் கொடுத்தால் போதும்" என்றார் மூத்தவர். வாசற்படியில் அமர்ந்திருந்த இளையவர், "என் பங்கு எவ்வளவு, ஹஜ்ரத்?" என்று கேட்டார். சபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

புத்தி தெளியும்வரை மஜ்னூனின் மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்பது ஹதீஸின் கருத்து. இதனால் அவருடைய கடமை நீங்கியதே தவிர உரிமை நீங்கவில்லை. வாரிசுப் பங்கில் அணுவளவும் குறையாது. சூரத்துல் பகராவின் 282ஆம் ஆயத், கடன் பத்திரத்துக்கு வாசகம் சொல்ல இயலாதவருக்காக அவருடைய வலீ நீதியுடன் சொல்லவேண்டுமெனப் பணிக்கிறது. 'நீதியுடன்' என்ற நிபந்தனையை நாம் மறந்துவிடலாகாது.

வலீ யார்? ஷாஃபிஈ மத்ஹபில் தந்தை, பின் தந்தையின் தந்தை, பின் அவர்கள் வஸிய்யத்தால் நியமித்தவர், பின் காஜி. ஹனஃபீ மத்ஹபில் வரிசை சற்று மாறும். எனினும் சொத்து விஷயத்தில் அண்ணனுக்கு இவ்வதிகாரம் தானாக வருவதாக இவ்விரு மத்ஹபுகளும் கூறவில்லை. புத்தி தெளிவற்ற நிலையில் ஒருவர் தமக்கென வக்கீலை நியமிக்கவும் முடியாது. ஆகவே அந்நிலையில் வாங்கிய 'பவர்' பத்திரம் செல்லாது. தெளிந்திருக்கும் வேளையில் அவர் செய்வதோ செல்லும்.

நாட்டுச் சட்டமும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. தெளிந்த வேளையில் ஒப்பந்தம் செய்யலாம் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. மனநோய் உண்டு என்பதாலேயே ஒருவரைச் சித்தசுவாதீனமற்றவர் எனக் கொள்ளலாகாது, அதை நீதிமன்றமே தீர்மானிக்கவேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. ஜமாஅத் கடிதம் அத்தீர்ப்பாகாது.

வழக்கென்று வந்தால், தம் நலனைக் காக்க இயலாதவருக்கு நீதிமன்றம் காப்பாளரை நியமிக்கும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32ஆம் கட்டளைப்படி, எதிரான நலன் உடையவர் காப்பாளராக முடியாது. நீதிமன்ற அனுமதியின்றி அவர் சமரசம் செய்யவும் முடியாது. தம்பியின் பங்கைத் தன் பங்கோடு சேர்க்க நினைக்கும் அண்ணன் தம்பிக்காக எவ்வாறு பேச முடியும்?

2017ஆம் ஆண்டுச் சட்டப்படி நோயாளி தமக்குப் பிரதிநிதி ஒருவரை எழுதி நியமிக்கலாம். ஆனால் அவருடைய அதிகாரம் சிகிச்சையைப் பற்றியதே, சொத்தை விற்பதற்கன்று. அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு மனநோயாளிக்கு இலவசச் சட்ட உதவியை உரிமையாக்கியுள்ளது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் வக்கீலை அமர்த்துவார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

பேச ஆளில்லாதவரின் கதி என்னவென்பதை ஏர்வாடி நமக்குக் காட்டியது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் அங்கு ஒரு மனநோயாளர் விடுதி தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்பியோட முடியாமல் 28 பேர் மாண்டனர். இன்று சங்கிலியிடுவதைச் சட்டம் முற்றாகத் தடுக்கிறது. ஆயினும் ஒருவரின் கையெழுத்தைப் பறிப்பதும் ஒருவகைச் சங்கிலியே அல்லவா?

நாம் கடிதம் கொடுக்கவில்லை. முத்தவல்லி சாஹிபிடம் விவரம் கூறி, இளையவருடன் ஆணைக்குழுவுக்கு ஓர் ஆளை அனுப்பும்படி கேட்டுக்கொண்டோம். மூத்தவர் முகம் வாடிற்று, ஆனால் மறுக்கவில்லை. பின் வாசற்படிக்குச் சென்று, இளையவரின் கேள்விக்கு அவரிடமே விடை சொன்னோம்: "மூன்றில் ஒன்று, தம்பி. அது உங்களுடையது."

பேச இயலாதவருக்காக நீதியுடன் பேசும் தௌஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.