கல்லின்மேல் நிற்கும் வீடு

ஆழத் தோண்டிக் கடைக்கால் இட்டு, மண்ணோடு இறுகப் பிணைத்தால்தான் வீடு நிலைக்கும் என்பது பொதுவான எண்ணம். இந்தோனேசியாவின் வட சுமத்ராவில், தோபா ஏரியைச் சூழ்ந்து வாழும் பத்தாக் மக்களின் முன்னோர் இதற்கு நேர்மாறாக வீடு கட்டினர். அவர்களுடைய வீட்டின் தூண்கள் மண்ணுக்குள் இறங்குவதில்லை. தட்டையான கற்களின்மேல் வெறுமனே நிற்கின்றன.

அவர்கள் வாழும் நிலம் அமைதியானதன்று. சுமத்ராவின் மேற்கே, கடலடியில் ஒரு புவித்தட்டு மற்றொன்றின் கீழ் ஓயாமல் நுழைந்துகொண்டிருக்கிறது. தீவின் நெடுகிலும் பாரிசான் மலைத்தொடரை ஒட்டி, ஏறத்தாழ 1900 கிலோமீட்டர் நீளத்திற்கு நிலப்பிளவு ஒன்று ஓடுகிறது. தோபா ஏரியே ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பெரும் எரிமலை வெடிப்பால் உண்டான பள்ளம்தான். 1892ஆம் ஆண்டு, பத்தாக் நிலப்பகுதியான தபனூலியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது அங்கே டச்சு நில அளவையாளர்கள் பணியாற்றிக்கொண்டிருந்தனர். அவர்கள் நட்டுவைத்த அளவைக்கற்கள் ஒரு மீட்டருக்கும் மேலாக இடம்பெயர்ந்திருந்தன. கற்களே இடம் மாறும் மண்ணில் வீடு எவ்வாறு நிற்கும்?

ஓடத் தொடங்கும் பேருந்தில் நிற்பவர் பின்னோக்கிச் சாய்வதை யாவரும் அறிவர். கால்கள் வண்டியோடு நகர்கின்றன. உடலோ இருந்த இடத்திலேயே இருக்க முயல்கிறது. நிலம் குலுங்கும்போது கட்டடத்திற்கும் இதுவே நேர்கிறது. அடித்தளம் மண்ணோடு நகர, மேற்பகுதி பின்தங்குகிறது. மேற்பகுதியின் எடை மிகுந்தால், சுவர்களும் தூண்களும் தாங்கவேண்டிய விசையும் மிகும். தாங்கும் எல்லை கடந்தால் அவை முறிகின்றன.

கல்லின்மேல் நிற்கும் தூண், இவ்விசை முழுவதும் மேலேறாமல் காக்கிறது. நிலம் வன்மையாக இழுக்கப்படும்போது தூணின் அடி கல்லின்மேல் சற்றே வழுகி நகரலாம். புதைத்த தூணுக்கு அவ்வாய்ப்பு இல்லை. கட்டியவர்கள் நிலநடுக்கத்தை மட்டும் கருதியே இம்முறையைக் கண்டனர் என்று கொள்ள வேண்டியதில்லை. ஈர மண்ணும் கறையானும் மரத்தைத் தின்றுவிடாமல் காப்பதே அவர்களது முதல் நோக்கமாக இருந்திருக்கலாம். ஒன்றுக்காகச் செய்தது மற்றொன்றுக்கும் உதவிற்று.

தூண்களுக்கு மேலுள்ள அமைப்பே தச்சரின் முழுத் திறனையும் காட்டுவது. தூண்களில் துளையிட்டு, அத்துளைகளின் ஊடாகக் கனத்த விட்டங்களைச் செலுத்தி, ஆப்பு அடித்து இறுக்குவர். இரும்பு ஆணிக்கு அங்கே வேலையில்லை. வீடு ஆடும்போது ஒவ்வொரு பொருத்தும் மயிரிழை அளவு நெகிழ்ந்து கொடுக்கும். மரத்தோடு மரம் உராய, அதிர்வின் ஆற்றல் சிறிது சிறிதாகத் தேய்ந்துபோகும். அத்தகைய வீட்டில் எழும் கிறீச்சொலி கேட்பவருக்கு அச்சம் தரலாம். உண்மையில் அது வீடு தன்னைக் காத்துக்கொள்ளும் ஒலி. பலகைச் சுவர்கள் வெளிப்புறமாகச் சாய்ந்து நின்று கூரையின் சுமையை ஏற்கின்றன.

கூரையைக் காண்பவர் அதன் பேருருவம் கண்டு மலைப்பர். குதிரைச் சேணம்போல நடுவில் தாழ்ந்து, இரு முனைகளிலும் உயர்ந்து, வீட்டின் மற்றெல்லாப் பகுதிகளையும்விடப் பெரிதாக அது தோன்றும். ஆயினும் எடை குறைவு. பனை இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் ‘இஜுக்’ எனப்படும் கருநாரால் வேயப்பட்டது அது. ஓடோ கான்கிரீட்டோ தலைக்குமேல் இல்லாமையால், குலுக்கத்தில் பின்னிழுக்கும் விசையும் குறைகிறது.

இத்தகைய கட்டுமானம் பெருஞ்சோதனைக்கு உள்ளான இடம் அண்டைத் தீவாகிய நியாஸ். அங்கு வாழ்வோர் பத்தாக் மக்கள் அல்லர். எனினும் அவர்களது மரபு வீடுகளும் கல்லின்மேல் நிற்பவையே. செங்குத்தான தூண்களோடு சாய்வுத் தூண்களையும் சேர்த்துக்கொண்டது அவர்களது தனிச்சிறப்பு. 2005ஆம் ஆண்டு மார்ச் 28 அன்று 8.6 அளவுள்ள நிலநடுக்கம் அத்தீவைத் தாக்கியது. குனுங்சித்தோலி நகரில் கான்கிரீட் கட்டடங்கள் பல நொறுங்கி, உள்ளிருந்தோரைப் புதைத்தன. பழைய மரவீடுகளோ பெரும்பாலும் நின்றன. கல்லிலிருந்து வழுகிச் சாய்ந்தவையும் உண்டு.

இதைக்கொண்டு மரவீடு அழிவற்றது என்றோ, கான்கிரீட் தீயது என்றோ முடிவுகட்டுவது பிழை. கம்பியை முறையாகக் கட்டி எழுப்பிய கான்கிரீட் வீடும் நிலநடுக்கத்தைத் தாங்கும். அரைகுறையாகக் கட்டியதே ஆளைக் கொல்லும். உளுத்த மரமும் தளர்ந்த ஆப்பும் கொண்ட பழைய வீடு அதைவிட நம்பத்தக்கதன்று. தீப்பற்றினாலோ நார்க்கூரை நொடியில் சாம்பலாகும்.

இன்று தோபா ஏரியின் நடுவே அமைந்த சமோசிர் நிலப்பகுதியில், சிவப்பு, வெள்ளை, கருப்பு வண்ணச் செதுக்கல்கள் மங்காத பழைய வீடுகள் பலவற்றின்மேல் தகரக் கூரை ஏறியிருக்கிறது. நாரால் வேய்வதற்குப் பலருடைய கைகளும் மிகுந்த பொருளும் வேண்டும். தூணுக்குரிய பெருமரங்களும் அருகிவிட்டன. வசதி பெற்ற குடும்பங்கள் பக்கத்திலேயே சிமெண்ட் வீடு கட்டிக் குடியேறுகின்றன. ஆளற்ற பழைய வீட்டில் ஆப்புகள் தளர்கின்றன. அவற்றை எந்த அளவுக்கு இறுக்கினால் வீடு நெகிழ்ந்தும் குலையாமலும் நிற்கும் என்பது தச்சரின் கைக்கே தெரியும்.