டி.ஐ.எல்.ஆர்.: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஐ.ஐ.எம்.களில் எம்.பி.ஏ. சேர்வதற்கான கேட் தேர்வில் மூன்று பிரிவுகள். முதலில் ஆங்கிலம், கடைசியில் கணக்கு, நடுவில் டி.ஐ.எல்.ஆர். எனப்படும் தரவு விளக்கமும் தர்க்கமும். பாடத்திட்டம் என்று கையில் பிடிக்க எதுவும் இல்லாததால் மாணவர்களை அதிகம் மிரட்டுவது இந்த நடுப்பிரிவுதான். அந்தப் பயத்தை நம்பி ‘டி.ஐ.எல்.ஆர். ஸ்பெஷல் பேட்ச்’, ‘கிராஷ் கோர்ஸ்’, ‘ஒன் டு ஒன் ட்யூஷன்’ என்று ஒரு சந்தையே நடக்கிறது. அந்தச் சந்தையிலும் மாணவர் வாட்ஸ்அப் குழுக்களிலும் உலவும் சில நம்பிக்கைகளை, பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை உரசிப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: கணக்கில் கெட்டியாக இருந்தால் இது தானாக வந்துவிடும்.

உண்மை: இந்தப் பிரிவில் வரும் கணக்கு பத்தாம் வகுப்பைத் தாண்டுவது அரிது. கூட்டல், கழித்தல், விகிதம், சதவீதம், சராசரி, அவ்வளவுதான். அதற்கும் கணினித் திரையிலேயே கால்குலேட்டர் இருக்கிறது. தேர்வு சோதிப்பது வேறு: கொடுத்த தகவலிலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்ற தெளிவை.

ஒரு நிறுவனத்தின் மொத்த விற்பனையில் சோப்பின் பங்கு சென்ற ஆண்டு 20 சதவீதம், இந்த ஆண்டு 25 சதவீதம் என்று இரண்டு வட்ட வரைபடங்கள் காட்டுகின்றன. சோப்பு விற்பனை கூடியிருக்கிறதா? பலரும் யோசிக்காமல் ‘கூடியிருக்கிறது’ என்பார்கள். மொத்த விற்பனை 500 கோடியிலிருந்து 380 கோடியாக இறங்கியிருந்தால், சோப்பு 100 கோடியிலிருந்து 95 கோடிக்கு வந்திருக்கும். பங்கு ஏறியிருக்கிறது, விற்பனை இறங்கியிருக்கிறது. மொத்தம் தெரியாதவரை இந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. இங்கே தவறு செய்பவர் பெருக்கலில் தவறவில்லை, வரைபடத்தைப் படிப்பதில் தவறுகிறார். கணக்கு வகுப்பு இதைச் சரிசெய்யாது.

நம்பிக்கை 2: இதில் குறைந்தால் கணக்குப் பிரிவில் ஈடுகட்டிக்கொள்ளலாம்.

உண்மை: மொத்த மதிப்பெண்ணில் ஈடுகட்டலாம், சேர்க்கையில் முடியாது. ஐ.ஐ.எம்.கள் மொத்தப் பர்சன்டைலோடு பிரிவுவாரியாகவும் ஒரு குறைந்தபட்சப் பர்சன்டைலைக் கேட்கின்றன. டி.ஐ.எல்.ஆரில் அந்தக் கோட்டைத் தொடாதவருக்கு, மற்ற இரண்டிலும் எவ்வளவு எடுத்திருந்தாலும் அந்த நிறுவனத்தின் நேர்காணல் அழைப்பு வராது. நேரத்தையும் கடன் வாங்க முடியாது. 2015 முதல் ஒவ்வொரு பிரிவுக்கும் தனி நேரம். 2020இலிருந்து அது 40 நிமிடம். ஒன்றில் மிச்சம் பிடித்ததை இன்னொன்றுக்குக் கொண்டுபோக வழியில்லை.

நம்பிக்கை 3: எல்லா செட்டையும் தொட்டால்தான் நல்ல பர்சன்டைல்.

உண்மை: 2024 தேர்வை எடுத்துக்கொள்வோம். இந்தப் பிரிவில் 5 செட் (ஒரே தகவலை ஒட்டிய கேள்விகளின் தொகுதி), 22 கேள்வி. சரியான விடைக்கு 3 மதிப்பெண். கொடுத்த விடைகளிலிருந்து தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் 1 மதிப்பெண் போகும். விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விக்கு நெகட்டிவ் மார்க் இல்லை.

ஒருவர் மூன்று செட்டை மட்டும் நிதானமாகப் போட்டு 13 கேள்விக்குச் சரியாக விடையளிக்கிறார்: 39 மதிப்பெண். இன்னொருவர் ஐந்தையும் அவசரமாகத் தொட்டு 22 கேள்விக்கும் விடை தருகிறார். 10 சரி, 12 தவறு. எல்லாம் தேர்ந்தெடுக்கும் கேள்விகளாக இருந்தால் அவருக்கு மிஞ்சுவது 18. அதிகம் உழைத்தவர் இரண்டாமவர், முன்னே நிற்பவர் முதலாமவர்.

40 நிமிடத்தை ஐந்தால் வகுத்தால் செட்டுக்கு எட்டு நிமிடம். கடினமான செட்டில் தகவலை அட்டவணையாக்கவே அதில் பாதி போய்விடும். ஆகவே முதல் நான்கைந்து நிமிடத்தில் ஐந்து செட்டையும் மேலோட்டமாகப் படித்து, எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்வதே இந்தப் பிரிவின் முதல் திறமை. ‘இதை விட்டுவிடு’ என்று சொல்லிக்கொடுக்காத பயிற்சி அரைப்பயிற்சி.

நம்பிக்கை 4: ஒவ்வொரு டைப்புக்கும் ஒரு ஷார்ட்கட் உண்டு, அதை மனப்பாடம் செய்தால் போதும்.

உண்மை: திரும்பத் திரும்ப வரும் அமைப்புகள் உண்டு என்பது சரி. வரிசையில் உட்காரவைப்பது, வென் வரைபடம், பாதை வலைப்பின்னல், விளையாட்டுப் போட்டி, கால அட்டவணை ஆகியவை அடிக்கடி வரும். ஆனால் கேள்வி எடுப்பவர்கள் பழைய அமைப்பில் ஒரே ஒரு விதியை மாற்றிவைப்பார்கள். சூத்திரத்தை மட்டும் வைத்திருப்பவர் அங்கே நின்றுவிடுவார்.

நாக்அவுட் போட்டியில் 32 பேர் ஆடினால் மொத்த ஆட்டம் 31. ‘ஆட்களில் ஒன்றைக் கழி’ என்பது ஷார்ட்கட். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒருவர் வெளியேறுகிறார், 31 பேர் வெளியேற வேண்டும், ஆகவே 31 ஆட்டம் என்பது காரணம். இப்போது விதியை மாற்றுங்கள்: இரண்டு முறை தோற்றவர்தான் வெளியேறுவார். ஷார்ட்கட் இங்கே செல்லாது. காரணம் தெரிந்தவரோ தோல்விகளை எண்ணுவார். வெளியேறும் 31 பேருக்கு 62 தோல்வி. சாம்பியன் ஒருமுறை தோற்றிருக்கலாம், தோற்காமலும் இருக்கலாம். எனவே 62 அல்லது 63 ஆட்டம். நல்ல ஆசிரியர் சொல்லித்தர வேண்டியது இந்தக் காரணத்தை. ‘ஐம்பது ட்ரிக்ஸ்’ என்று பி.டி.எஃப். விற்பவரிடம் இது கிடைக்காது.

நம்பிக்கை 5: ஆயிரம் செட் போட்டால் எதற்கும் பயப்பட வேண்டாம்.

உண்மை: எண்ணிக்கை தேவைதான். ஆனால் பெரும்பாலோர் ஒரு செட்டில் பத்து நிமிடம் திணறி, தீர்வு வீடியோவைப் பார்த்து, ‘ஓ, இவ்வளவுதானா’ என்று அடுத்ததற்குப் போகிறார்கள். புரிந்துகொண்டது வீடியோக்காரரின் வழியை. தன் வழி எங்கே அடைபட்டது என்பது அப்படியே மறைந்துபோகிறது.

ஒரு செட் தவறினால் காரணம் பொதுவாக நான்கில் ஒன்று. விதியைத் தவறாகப் படித்தது, அட்டவணையைத் தவறாக வரைந்தது, இரண்டு சாத்தியங்கள் இருந்த இடத்தில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டது, கூட்டல் பிழை. ஒவ்வொரு செட் முடிந்ததும் எது என்று ஒரு நோட்டில் குறித்துவைத்தால், சில வாரங்களில் தன் பலவீனம் எதுவென்று தெரிந்துவிடும். தவறிய செட்டை ஒரு வாரம் கழித்து, தீர்வைப் பார்க்காமல், வெள்ளைத்தாளில் மறுபடி போட வேண்டும். மாக் டெஸ்ட் எழுத இரண்டு மணி நேரம் ஒதுக்குபவர்கள், அதை அலசவும் அதே அளவு நேரம் ஒதுக்க வேண்டும்.

நம்பிக்கை 6: கேட்டுக்குப் படித்தால் ஜிமேட்டுக்கும் அதுவே போதும்.

உண்மை: வெளிநாட்டு பிசினஸ் ஸ்கூல்களுக்கான ஜிமேட்டில் 2012இல் இதுபோன்ற ஒரு பகுதி வந்தது. அப்போது அதன் மதிப்பெண் மொத்தத்தில் சேராது என்பதால் பலர் அதைக் கண்டுகொள்ளவில்லை. அந்தக் காலம் போய்விட்டது. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் டேட்டா இன்சைட்ஸ் முழுப் பிரிவாகி, கணக்குக்கும் மொழித்திறனுக்கும் சமமாக மொத்த மதிப்பெண்ணில் சேர்கிறது. 45 நிமிடம், 20 கேள்வி.

ஆட்டவிதிகளும் வேறு. கேட்டில் பிடிக்காத செட்டை விட்டுவிடலாம். ஜிமேட்டில் எதிரில் இருக்கும் கேள்விக்கு விடையளித்தால்தான் அடுத்தது வரும். பிரிவின் முடிவில் நேரம் மிச்சமிருந்தால் மூன்று விடைகள் வரை மாற்றலாம். ஒரே கேள்வியில் மூன்று பாகம் இருந்து இரண்டு மட்டும் சரியானால் மதிப்பெண் இல்லை. தவறுக்கு நெகட்டிவ் மார்க் இல்லை. ஆனால் கேள்விகளை முடிக்காமல் விட்டால் மதிப்பெண் குறையும். கேட்டில் பழகிய ‘பொறுக்கி எடுக்கும்’ உத்தியை இங்கே கொண்டுவந்தால் அடி விழும்.

ஜிமேட்டுக்கே உரிய ‘தரவு போதுமா’ வகைக் கேள்வி வேறு இருக்கிறது. பேனா 7 ரூபாய், நோட்டு 23 ரூபாய். ஒருவர் இரண்டையும் வாங்கினார். எத்தனை நோட்டு வாங்கினார்? தகவல் ஒன்று: மொத்தம் 100 ரூபாய் ஆனது. தகவல் இரண்டு: மொத்தம் 12 பொருட்கள் வாங்கினார். இரண்டு தெரியாத எண்கள், ஆகவே இரண்டு தகவலும் வேண்டும் என்று கணக்கு மாணவர் கை தூக்குவார். தவறு. நோட்டு ஒன்று என்றால் மீதி 77, பேனா 11. நோட்டு இரண்டு, மூன்று, நான்கு என்றால் மீதி 54, 31, 8. எதுவும் ஏழால் வகுபடாது. பேனாவையும் நோட்டையும் பாதியாக வாங்க முடியாது என்பதால் முதல் தகவல் ஒன்றே போதும். விடை கண்டுபிடிப்பதல்ல, விடை கண்டுபிடிக்க எவ்வளவு தகவல் போதும் என்று சொல்வதே இங்கே வேலை.

நம்பிக்கை 7: இன்ஜினியரிங் படித்தவர்களுக்கும் ஆங்கில வழியில் படித்தவர்களுக்கும்தான் இது வரும்.

உண்மை: பி.ஏ., பி.காம். படித்தவருக்குத் தெரியாத சூத்திரம் எதுவும் இந்தப் பிரிவில் தேவைப்படுவதில்லை. தமிழ்வழி மாணவருக்கு ஒரு தடை உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை: வினாத்தாள் முழுக்க ஆங்கிலம். ‘குறைந்தபட்சம்’, ‘அதிகபட்சம்’, ‘இருவரில் ஒருவர் மட்டும்’, ‘இன்னது நடந்தால் மட்டுமே’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர்களில் ஒரு சொல் பிசகினாலும் மொத்த அட்டவணையும் பிசகும். ஆனால் இப்படிப்பட்ட தொடர்கள் விரல்விட்டு எண்ணிவிடக்கூடியவை. பழைய தாள்களிலிருந்து அவற்றைப் பொறுக்கி எழுதி, ஒவ்வொன்றையும் குறியீடாக மாற்றிப் பழகினால் தடை விலகும். இதற்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு வேண்டாம்.

நம்பிக்கை 8: 99 பர்சன்டைல் எடுத்தவரிடம் ட்யூஷன் வைத்தால் நமக்கும் 99 வரும்.

உண்மை: வேகமாகப் போடத் தெரிந்தவருக்கு, அடுத்தவர் ஏன் மெதுவாகப் போடுகிறார் என்று தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. கரும்பலகையில் ஆசிரியர் ஆறு நிமிடத்தில் ஒரு செட்டை உடைத்துக் காட்டுவது பார்க்க அழகாக இருக்கும். அதில் மாணவருக்கு ஒரு மதிப்பெண்ணும் ஏறாது.

கேள்விகளுக்காக ட்யூஷன் வைக்க வேண்டாம். அண்மை ஆண்டுகளின் கேட் வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஜிமேட்டை நடத்தும் அமைப்பே இரண்டு முழு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. ஆசிரியர் தேவைப்படுவது ஒரே இடத்தில்: மாணவரின் ரஃப் ஷீட்டைப் படிக்க. எந்த வரியில் ஆரம்பித்தார், எந்த விதியை மறந்தார், எந்த நிமிடத்தில் அந்த செட்டை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்கும் இன்னொரு கண்ணால்தான் சொல்ல முடியும்.

ஆகவே டெமோ வகுப்புக்குப் போகும்போது, நீங்கள் போட்டுத் தோற்ற ஒரு செட்டின் ரஃப் ஷீட்டை எடுத்துச் செல்லுங்கள். அதை வாங்கிப் பார்த்து ‘இங்கே ஏன் இப்படி எழுதினீர்கள்’ என்று கேட்பவரிடம் சேருங்கள். அதை ஒதுக்கிவைத்துவிட்டுத் தன் ஷார்ட்கட்டை ஆரம்பிப்பவருக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அந்தக் கட்டணத்தில் இன்னும் சில மாக் டெஸ்ட் எழுதலாம்.