மொய் நோட்டும் ஜிப் கோப்பும்

கோப்புகளை ஜிப் செய்வது இடத்தை மிச்சம் பிடிக்கத்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். பறவைப் படங்களுக்கு அந்தக் கணக்கு செல்லாது. கேமரா தரும் ஜேபெக் ஏற்கெனவே சுருக்கப்பட்ட கோப்பு. அதை மறுபடியும் சுருக்கினால் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு குறைந்தாலே பெரிது. நான் ஜிப்பை விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணங்கள் வேறு. நூற்றுக்கணக்கான படங்கள் ஒரே கோப்பாக வந்து சேரும். அரட்டைச் செயலியில் படத்தைப் படமாகவே அனுப்பினால் அது படத்தைச் சிறிதாக்கி, எடுத்த தேதி, நேரக் குறிப்பையும் உருவிவிடும். ஜிப்புக்குள் வைத்து அனுப்பினால் கை வைக்காது. எல்லாவற்றையும்விட, வந்தது முழுசா, பழுதா என்று அனுப்பியவரைக் கேட்காமலே நானே பார்த்துக்கொள்ளலாம்.

தாமிரபரணிப் படுகைக் குளங்களில் 2011இல் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு தொடங்கியது. மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் அதை முன்னின்று நடத்துகிறது. ஜனவரியில் ஆட்கள் குழுக்களாகப் பிரிந்து குளம் குளமாகப் போவார்கள். அப்படிப் போய்வரும் நண்பர்கள் சிலருடைய படங்களையும் குறிப்புத் தாள்களையும் வாங்கி அடுக்கிவைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பிழைப்புக்கு நிரல் எழுதுகிறவன் என்பதுதான் என் தகுதி. பைத்தானில் கூடவே வரும் ஜிப்ஃபைல் நூலகத்தை வைத்துச் சின்னதாக ஒரு நிரல் எழுதிக்கொண்டேன். நூலகத்தின் கையேட்டைப் பார்த்தால் இரண்டு வரி வேலை மாதிரித்தான் இருக்கும்.

"அண்ணாச்சி, அனுப்பிட்டேன். வந்துட்டுல்லா?" என்று போன் வரும். வந்திருக்கும். பெயர் சரியாக இருக்கும், அளவும் பெரிதாகத்தான் தெரியும். திறக்கப் போனால் 'இது ஜிப் கோப்பே அல்ல' என்று பைத்தான் அடித்துச் சொல்லிவிடும். மலைப் பக்கம் ஏற ஏற சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும் ஊரில் இது வாடிக்கை. பதிவிறக்கம் கடைசி நேரத்தில் அறுந்திருக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு வந்த கோப்பை எப்படி ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம்?

கல்யாண வீட்டு மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வரவர ஒவ்வொருவர் பெயரும் தொகையும் ஏறும். எல்லாம் முடிந்த பிறகுதான் கடைசிப் பக்கத்தில் கூட்டி எழுதுவார்கள். ஜிப்பும் அப்படித்தான். ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் அதன் பெயர், பிறகு சரக்கு. எது எங்கே இருக்கிறது என்ற முழுப் பட்டியல் வருவது கோப்பின் கடைசியில். நூலகம் முதலில் தேடுவது அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான். அது வந்து சேரவில்லை என்றால் அதன் பார்வையில் நோட்டே இல்லை.

ஆனால் உள்ளே எழுதிய வரிகள் அழிந்துவிடவில்லையே. லினக்ஸில் உள்ள ஜிப் கட்டளையோடு இரண்டு பெரிய எஃப் சேர்த்துக் கொடுத்தால், முன்னாலிருந்து ஒவ்வொரு கோப்பாகப் படித்துப் புதிய பட்டியல் கட்டப் பார்க்கும். முழுசாக வந்த படங்கள் பெரும்பாலும் மீண்டுவிடும், அறுந்த இடத்தில் இருந்த படம்தான் போகும். மறுபடி அனுப்பச் சொல்ல வழியில்லாதபோது இதைச் செய்கிறேன். வழி இருந்தால் மறுபடி வாங்குவதே நல்லது.

ஜிப் உருவாக்கும்போதும் இதே கதைதான். பட்டியல் எழுதப்படுவது கோப்பை மூடும் நேரத்தில். நடுவில் கரண்ட் போனால் கிடைப்பது பட்டியல் இல்லாத மூட்டை. அதனால் என் நிரல் முதலில் தற்காலிகப் பெயர் ஒன்றில் எழுதும். மூடி, மறுபடி திறந்து சோதித்த பிறகே உண்மையான பெயரை வைக்கும். சோதிப்பதற்கு டெஸ்ட்ஜிப் என்று ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் ஜிப் வைத்திருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு உள்ளே இருப்பதை ஒப்பிட்டு, முதலில் கெட்டிருக்கும் கோப்பின் பெயரைச் சொல்லும். எல்லாம் சரியென்றால் வாய் திறக்காது. "கார்டை அழிச்சிரலாமா?" என்று கேட்கும் நண்பருக்கு இதை ஓட்டாமல் நான் பதில் சொல்வதில்லை.

இன்னொரு பழக்கமும் வந்துவிட்டது. ஒரு குழுவுக்கு ஒரு பெரிய ஜிப் வேண்டாம், ஒரு குளத்துக்கு ஒரு ஜிப். அறுந்தால் அந்தக் குளத்தை மட்டும் மறுபடி கேட்டால் போதும். பழைய ஜிப் வடிவத்துக்கு 4 ஜிபி என்று ஓர் எல்லை உண்டு. ஜிப்64 அதைத் தாண்டிவிடும், பைத்தானும் தானாகவே அதற்கு மாறிக்கொள்ளும். ஆனாலும் வாங்குகிறவருடைய பழைய போனுக்கு அது தெரியுமா என்று யார் கண்டது?

குளத்துக்கு ஒரு ஜிப் என்றதும் வேறு வம்பு வந்தது. நெல்லைச் சீமையில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பெரியகுளம் இருக்கும். நாலு பேர் 'பெரியகுளம்' என்று நாலு ஜிப் அனுப்புவார்கள். உள்ளே எல்லாருடைய கேமராவும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரே வரிசையில் பெயர் வைத்த படங்கள். எல்லாவற்றையும் பிரிக்கும் எக்ஸ்ட்ராக்ட்ஆல் ஏற்கெனவே அதே பெயரில் கோப்பு இருக்கிறதா என்று கேட்காது. சத்தமில்லாமல் மேலே எழுதிவிடும். ஓர் ஊர்க் குளத்து நாமக்கோழி இருந்த இடத்தில் இன்னோர் ஊர்க் குளத்து நத்தைகுத்தி நாரை உட்கார்ந்திருக்கும், பிழைச் செய்தி எதுவும் வராது. ஆகவே ஒவ்வொரு ஜிப்புக்கும் புதிய, காலியான ஃபோல்டர். பெயரில் ஊர், குளம், அனுப்பியவர் மூன்றும் இருக்கும்.

ஜிப் வடிவம் 1989இல் பில் காட்ஸின் பிகேஜிப்போடு வெளிவந்தது. டாஸ் காலத்துப் பிள்ளை. அந்தக் காலத்து வாசனை இரண்டு இடங்களில் இன்னும் போகவில்லை.

ஒன்று பெயர்கள். கோப்பின் பெயர் யூனிகோடில் இருக்கிறது என்று சொல்ல ஜிப்புக்குள் ஒரு குறி இருக்கிறது. பைத்தான் எழுதினால் அதைச் சரியாகப் போடும், சில செயலிகள் போடுவதில்லை. குறி இல்லையென்றால் நூலகம் 437 என்ற எண்ணுள்ள பழைய ஐபிஎம் எழுத்து அட்டவணையைக் கொண்டு படிக்கும். அப்போது 'மணிமுத்தாறு' என்ற பெயர் கிரேக்க ஆல்பாவும் கோண மேற்கோள் குறிகளுமாகக் காட்சி தரும். பயப்பட வேண்டாம், உள்ளிருக்கும் எண்கள் கெடவில்லை. அந்தப் பெயரை 437ஆம் அட்டவணை வழியாகவே பைட்டுகளாகத் திருப்பி, யூடிஎஃப்-8 ஆகப் படித்தால் தமிழ் வந்துவிடும். பைத்தான் 3.11 முதல், ஜிப்பைத் திறக்கும்போதே எந்த எழுத்துமுறை என்று சொல்லிவிடலாம்.

பெயர் தமிழில் தெரிந்த பிறகும் சிக்கல் ஓய்வதில்லை. 'மாஞ்சோலை' என்ற பெயரில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே எண்ணாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டு எண்ணாகவும் எழுதலாம். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறை இரண்டாகப் பிரித்தே வைத்துக்கொள்ளும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டு வெவ்வேறு பெயர்கள். பட்டியலில் மாஞ்சோலை இருக்கும், தேடினால் கிடைக்காது. ஆங்கிலப் பெயர் வைக்கிறவர்களுக்கு வராத தலைவலி இது. கையேடுகள் இதைப் பெரிதாகப் பேசாததும் அதனால்தான் என்று நினைக்கிறேன். மருந்து எளிது. பெயரைக் கையில் வாங்கியதும் யூனிகோட் டேட்டா நூலகத்தின் நார்மலைஸ் வழியாக என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

டாஸ் விட்டுப்போன இன்னொன்று தேதி. ஜிப்பின் காலண்டர் 1980இல்தான் தொடங்குகிறது, நேரத்தை இரண்டிரண்டு வினாடியாகத்தான் எண்ணும். கோப்புகளைக் கை மாற்றும்போது சிலவற்றின் தேதி 1970 ஜனவரி 1 என்று ஆகிவிடுவதுண்டு. அப்படி ஒன்று நடுவில் சிக்கினால் பைத்தான் வேலையை அங்கேயே நிறுத்திவிடும். தேதி விஷயத்தில் கறாராக இருக்காதே என்று திறக்கும்போதே சொன்னால், அதை 1980 என்று வைத்துக்கொண்டு மேலே போகும். இதைவிட முக்கியமானது, ஜிப்ஃபைல் பிரித்துக் கொடுக்கும் கோப்புகளுக்குப் பழைய தேதி வராது, பிரித்த நேரம்தான் வரும். எந்த நாள் எந்தப் பறவை என்பதே கணக்கெடுப்பின் உயிர். ஆகவே பட்டியலில் இருக்கும் தேதியை எடுத்துப் பிரித்த கோப்புக்கு நாமே போட வேண்டும், அல்லது படத்துக்குள்ளேயே கேமரா எழுதிவைத்த எக்ஸிஃப் குறிப்பை நம்ப வேண்டும். டார் வடிவம் இந்த விஷயத்தில் தேவலை, தேதியைத் தானே திருப்பிப் போடும்.

காலி ஃபோல்டரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு குளத்துக்குப் போனார்கள், பறவையே இல்லை. படமும் இல்லை, அந்த ஃபோல்டர் காலி. கோப்புகளை மட்டும் தேடித்தேடிச் சேர்க்கும் நிரல் அதை விட்டுவிடும். வந்து சேரும் ஜிப்பைப் பார்த்தால் அந்தக் குளத்துக்கு யாருமே போகாதது போல் இருக்கும். போகாததும், போய்ப் பறவை இல்லாததும் ஒன்றல்ல. ஃபோல்டரையும் தனியே சேருங்கள். அதைவிட, 'பறவை இல்லை' என்று ஒரு வரி எழுதிய கோப்பை உள்ளே போட்டுவிடுங்கள்.

சுருக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பு. ஜிப்ஃபைல் தானாக எதையும் சுருக்காது, அப்படியே அடுக்கும். படங்களுக்கு அதுவே போதும், நேரமாவது மிச்சம். எழுத்துக் கோப்புகளுக்கு மட்டும் டிஃப்ளேட் என்று கேட்டு வாங்குகிறேன்.

முன்பின் தெரியாதவர் அனுப்பிய மூட்டை என்றால் பட்டியலை வாசித்துவிட்டே பிரிக்க வேண்டும். '42' என்று பெயர் வாங்கிய ஒரு ஜிப் 42 கிலோபைட்தான், அடுக்கடுக்காகப் பிரித்தால் 4.5 பெட்டாபைட் ஆகும். ஃபோல்டருக்கு வெளியே ஏறிக் குதிக்கும் பெயர்களை வைத்தும் தாக்கலாம். 2018இல் பல மொழி நூலகங்களில் இந்த ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. பைத்தானின் ஜிப்ஃபைல் அப்படிப்பட்ட பெயர்களைத் தட்டிச் சரிசெய்துவிடும். டார் மூட்டைகளைப் பிரிக்கும் டார்ஃபைல் நூலகத்தை மட்டும் வெகுகாலம் நம்ப முடியவில்லை. 3.12 முதல் 'டேட்டா' என்ற வடிகட்டியைச் சொல்லிப் பிரிக்கலாம், 3.14 முதல் அதுவே இயல்பு.

கடைசியாக, ஜிப் என்று தெரியாமல் வரும் ஜிப். வேர்டு, எக்செல் கோப்புகள் உண்மையில் ஜிப் மூட்டைகள்தான். வயதான நண்பர் ஒருவர் தன் படங்களை எல்லாம் ஒரு வேர்டு கோப்பில் ஒட்டி, கீழே பறவை பெயரையும் எழுதி அனுப்புவார். ஒவ்வொன்றாக வெட்டி எடுக்க வேண்டியதில்லை. அதே நூலகத்தால் அதைத் திறந்து, 'வேர்டு' ஃபோல்டருக்குள் 'மீடியா' என்று இருப்பதைப் பிரித்தால் படங்கள் தனித்தனிக் கோப்பாக வந்துவிடும். அவர் சேமித்தபோது வேர்டு கொஞ்சம் சிறிதாக்கியிருக்கலாம், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. பிரித்த படங்களைத் திருப்பி அனுப்பியபோது போனில் கேட்டார்: "ஏய், இத எங்கிட்ட கேக்காமலே எப்படிடே எடுத்த?"